சிறுசோறு



தெருத் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ நான்கு குழந்தைகள் கூடிவிட்டால் அங்கே ஒரு சமையல் தொடங்கிவிடும். உள்ளங்கை அகலமும் இல்லாத சட்டி, விரல் நீள அகப்பை, கட்டைவிரல் உயரக் குடம், மூன்று கூழாங்கற்களால் ஆன அடுப்பு. மணல் சோறாகும், பூவரசங்காய் கறியாகும், செங்கல் தூள் மிளகாய்ப் பொடியாகும். இலை போட்டு, விருந்தினரை அமர்த்தி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று உபசரிக்கும் குழந்தையின் முகத்தில் தோன்றும் கவலையும் பெருமையும், கல்யாண வீட்டுத் தலைவியின் முகத்தில் தோன்றுவனவற்றுக்குச் சிறிதும் குறைந்தவை அல்ல. அந்தச் சின்னஞ்சிறு பாத்திரங்களைச் செப்பு என்கிறோம். அம்பாசமுத்திரத்து மரக்கடைசல் செப்புச் சாமான்கள் எத்தனையோ குழந்தைகளின் முதற் சொத்தாக இருந்திருக்கின்றன.

இந்த விளையாட்டு மிகப் பழையது. பெண் குழந்தைகள் மணலில் கட்டும் வீட்டைச் சிற்றில் என்றும், அதில் ஆக்கும் உணவைச் சிறுசோறு என்றும் நம் முன்னோர் வழங்கினர். தான் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைத்த ஒரு குறும்புக்காரச் சிறுவனைப் பற்றிக் கலித்தொகைத் தலைவி ஒருத்தி தன் தோழியிடம் பேசுகிறாள். பின்னாளில் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு தனிப் பருவமாகவே அமைந்தது.

சிறுசோறு என்னும் அந்தச் சொல்லையே இன்றைய பேச்சுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். சிறிய உருவில் பலகாரம் செய்வது, சிறிய அளவில் பரிமாறுவது, ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் உணவு ஆக்குவது ஆகிய இவற்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பெரிய சமையலைச் சுருக்கினால் சிறிய சமையல் வந்துவிடும் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறானது. சிறிய சமையலுக்கென்று தனி விதிகள் உண்டு. அவற்றை அறியாமையால் உணவு வீணாகிறது. சிலருடைய உடல்நலமும் கெடுகிறது.

எங்கள் குடும்பத்திலேயே இதைக் கண்டேன். என் பெரியம்மா நாற்பது ஆண்டுக் காலம் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தவர். அவருடைய ரசத்துக்காகவே உறவினர் வழி மாறி வந்து இறங்குவார்கள். பெரியப்பா காலமானார், பிள்ளைகள் வெளியூர்களில் வேலைக்குப் போயினர், பெரியம்மா தனியானார். ஒரு நாள் முன்னறிவிப்பின்றி அவரைக் காணச் சென்றேன். சமையலறை துடைத்துவைத்தாற்போல் இருந்தது. அடுப்பில் சூடு இல்லை. காலையில் காப்பியும் இரண்டு பிஸ்கோத்தும், பகலில் எப்போதோ வடித்த சோற்றில் கொஞ்சம் தயிர், இரவில் பால். இதுவே அவருடைய உணவாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஒரு ஜீவனுக்கு யாராவது உலை வைப்பார்களா, அப்பா?" என்றார்.

துயரத்தினால் சமைக்க மனம் வரவில்லை என்று முதலில் நினைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் மெல்லப் பேசியபோது வேறொன்றும் வெளிப்பட்டது. அவர் பலமுறை முயன்றிருக்கிறார். ஒரு பிடி அரிசி வைத்தால் அடிப்பிடித்தது. ஒரு கிண்ணம் ரசம் வைத்தால் உப்புக் கரித்தது. சாம்பார் வைத்தால் மூன்று நாளைக்கு மிஞ்சியது. "என் கை கெட்டுப்போயிற்று" என்று சொல்லி அவர் அடுப்பை அணைத்துவிட்டார். தனித்து வாழும் முதியோர் இவ்வாறு தேநீரிலும் ரொட்டித் துண்டிலும் நாளைக் கழிப்பதை மேல்நாட்டு மருத்துவர்கள் 'தேநீர்-ரொட்டி உணவு' என்றே பெயரிட்டுக் குறிப்பிடுகிறார்கள். அதில் புரதம் குறைவு. உப்புச் சத்தும் குறைவு. இரத்தத்தில் சோடியம் குறைந்து தளர்ச்சியும் மனக்குழப்பமும் நேரிடுவது உண்டு. ஆகவே, ஒருவருக்குச் சமைக்கும் கலை அற்பமான பொருள் அன்று.

பெரியம்மாவின் கை உண்மையில் கெட்டுவிட்டதா? இதற்கு விடை காணச் சிறிது கணிதம் வேண்டும். அஞ்ச வேண்டாம்; பள்ளிக் கணிதமே போதும்.

மூன்று சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய லட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதை உதிர்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு லட்டுகளாகப் பிடித்தால் எட்டு லட்டுகள் வரும். மாவு அதேதான், எடையும் அதேதான். ஆனால் மேற்பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய லட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 113 சதுர சென்டிமீட்டர். எட்டுச் சிறு லட்டுகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 226 சதுர சென்டிமீட்டர் ஆகும். உருவத்தைப் பாதியாக்கியவுடன் அதே எடைக்கு இரு மடங்கு மேற்பரப்புக் கிடைத்துவிட்டது. அளவு மாறும்போது பரப்பு ஒரு விகிதத்திலும் கன அளவு வேறொரு விகிதத்திலும் மாறும் என்னும் இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். விலங்குகளின் எலும்பைக் கொண்டு அவர் காட்டிய விதி நம் வீட்டு வாணலியிலும் ஆட்சி செய்கிறது.

எப்படி என்றால், சமையலில் நடப்பவற்றுள் பெரும்பாலானவை மேற்பரப்பின் வழியாகவே நடக்கின்றன. வெப்பம் உள்ளே புகுவது மேற்பரப்பின் வழியே. நீர் ஆவியாய் வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. முறுகுவதும் சிவப்பதும் மேற்பரப்பில். எண்ணெயை உறிஞ்சுவதும் பாகை ஏற்பதும் மேற்பரப்பே. ஆகையால் உருவம் சிறுத்தவுடன் இவை அனைத்தும் மாறிவிடுகின்றன.

இதற்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். அங்கே வரதராசப் பெருமாள் கோயிலில் நிவேதனமாகும் இட்டலி புகழ் பெற்றது. நீண்ட மூங்கிற் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி ஆவியில் வைப்பார்கள். அது வேகுவதற்கு மணிக்கணக்கான நேரம் வேண்டும். நம் வீட்டு இட்டலியோ பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. சென்னை உணவு விடுதிகளில் பதினான்கு சிறு இட்டலிகளைச் சாம்பாரில் மிதக்கவிட்டு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கிறார்களே, அவற்றுக்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். மாவின் நடுப்பகுதியை வெப்பம் சென்று சேர ஆகும் நேரம் கனத்தின் இருமடியைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். கனம் பாதியானால் நேரம் கால் பங்காகும். பாத்திரம் சூடேறும் நேரமும் உண்டு ஆதலால் சமையலறையில் இக்கணக்கு அப்படியே அமையாது. ஆயினும் போக்கு அதுவே. அதனால்தான் சிறு பலகாரம் செய்பவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பெரிய இட்டலி ஐந்து நிமிடக் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். சிறிய இட்டலி அவ்வளவுக்குப் பொறுக்காது. ஓரம் உலர்ந்து இறுகிவிடும்.

சிறிய உருவின் சிறப்பை முற்றும் பயன்படுத்திக்கொண்ட பலகாரம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் குழிப்பணியாரத்தைச் சொல்லுவேன். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரு முகத்தில் சூட்டைப் பெறுகிறது. குழியில் ஊற்றிய மாவோ அடியிலும் பக்கங்களிலும் ஒருங்கே சூட்டைப் பெறுகிறது. அடிப்பாகம் ஓடு கட்டியவுடன் கம்பியால் நெம்பித் திருப்பினால், வேகாத மாவு கீழே இறங்கி மறுபாதியை நிரப்பிக்கொள்ளும். வெளியே முறுகல், உள்ளே பஞ்சு. ஒவ்வொரு வாயிலும் இரண்டும் ஒரே விகிதத்தில் கிடைக்கின்றன. இந்தக் குழிச்சட்டி செட்டிநாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் காலத்தில் எப்லஸ்கீவர் என்னும் உருண்டைப் பணியாரத்தை இத்தகைய சட்டியிலேயே சுட்டுப் பழக்குழம்போடு உண்கிறார்கள். ஹாலந்தில் போஃபர்ச்சஸ் என்று பெயர். புளித்த மாவில் சுட்டு வெண்ணெயும் சர்க்கரையும் இட்டுத் தருவார்கள். ஜப்பானில் ஒசாகா நகரில் 1935-ஆம் ஆண்டளவில் தோன்றிய தக்கோயாக்கி என்பது உள்ளே ஒரு துண்டு எண்காற் கணவாயை வைத்துச் சுடும் பணியாரம். ஒரே வகைச் சட்டி இத்தனை நாடுகளில் விளங்குகிறது. சிறிய மாவுருண்டையைச் சுற்றிலும் சமமாக வேகவைக்க வேண்டும் என்னும் தேவை எங்கும் ஒன்றே அன்றோ?

சிறிய உருவம் எப்போதும் எளியது என்றும் நினைத்தல் ஆகாது. கோகுலாஷ்டமிக்குச் செய்யும் சீடையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குச் சுண்டைக்காய் அளவு. ஆனால் எண்ணெயில் இட்ட சீடை வெடித்துக் கண்ணையும் கையையும் புண்படுத்திய செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான். உருண்டையின் மேற்பரப்பு விரைவில் காய்ந்து கெட்டி ஓடாகிவிடுகிறது. உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. வெளியேற வழி இல்லையானால் ஓட்டைப் பிளந்துகொண்டு வெளிப்படுகிறது. அதனால்தான் அனுபவமுள்ள பாட்டிமார் மாவை வறுத்துச் சலிக்கச் சொன்னார்கள். அழுத்தி வழவழப்பாக உருட்டாதே என்றார்கள். உருட்டியதைத் துணியில் பரப்பி உலர்த்தினார்கள். சிலர் ஊசியால் ஒரு குத்தும் குத்தினார்கள். அந்தத் துளையே ஆவிக்கு வாயில். பாட்டி சொன்ன முறைகளில் பௌதிகம் ஒளிந்திருக்கிறது. பண்டிகை நாளில் அடுப்பங்கரையில் எட்டிப் பார்க்கும் சிறுவர் சிறுமியர் இதை நினைவில் வைத்து எட்டியே நிற்பது நல்லது.

இனி, சிறிய உணவு எதற்காகத் தோன்றியது என்று பார்ப்போம். பேருணவு வீட்டில் பிறந்தது. சிற்றுண்டியோ பெரும்பாலும் கடைத்தெருவில் வளர்ந்தது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் மதுரை அடங்கும் காட்சியைக் காட்டும்போது, மெல்லிய அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு உறங்கிவிழுவதைச் சொல்லுகிறது. நடந்து வந்தவர் நின்று வாங்கி, நின்றபடியே உண்டு, மீண்டும் நடக்கத்தக்க உணவு அது. சீன நாட்டின் தென்பகுதியில் தேநீரோடு உண்ணும் திம்சம் என்னும் சிற்றுண்டி வகைகள் சிறு மூங்கிற் கூடைகளில் மூன்று நான்காக வரும். ஒரு மேசையில் அமர்ந்தவர் அனைவரும் ஒவ்வொன்றைச் சுவைப்பர். திம்சம் என்பதற்கு 'நெஞ்சைத் தொடுவது' என்று பொருள் சொல்லுவர். ஸ்பெயின் நாட்டில் மதுவோடு தரும் சிறு தட்டு உணவுக்குத் தாப்பா என்று பெயர். அச்சொல்லுக்கு மூடி என்பது பொருள். பிரெஞ்சுக்காரர் விருந்தின் முடிவில் தரும் சிறு இனிப்புகளுக்குப் பெத்தி ஃபூர், அதாவது 'சிற்றடுப்பு' என்று பெயர். விறகடுப்பில் பெரிய பண்டங்களைச் சுட்டு எடுத்தபின், தணிந்துவரும் மிச்சச் சூட்டில் இவற்றைச் சுட்டமையால் இப்பெயர் வந்தது என்பர். வீணாகப் போகவேண்டிய வெப்பத்திலிருந்து ஓர் இனிப்பு வகையே பிறந்துவிட்டது.

நம் நாட்டிலும் மிச்சத்தில் பிறந்த சிற்றுண்டி உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்யும்போது பூரணம் தீர்ந்து மேல்மாவு மிஞ்சிவிடும். அதைச் சிறு சிறு உருண்டைகளாக்கி ஆவியில் வைத்து, கடுகும் உளுத்தம்பருப்பும் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் அம்மிணிக் கொழுக்கட்டை. மிஞ்சியதைக் கொட்டிவிடாமல், அதற்கு ஒரு பெயரும் சுவையும் கொடுத்துப் பந்தியில் ஏற்றிய பெண்மணி யாரோ, அவர் வாழ்க.

குழந்தைகளின் சிறுசோற்றுக்கு மீண்டும் வருவோம். நம் குழந்தைகள் மணலைக் கொண்டு சமைத்தார்கள். ஜெர்மானியக் குழந்தைகள் சில வீடுகளில் மெய்யாகவே சமைத்தார்கள். நூரெம்பர்க் நகரத்தின் பெயரால் வழங்கும் பொம்மைச் சமையலறைகள் அந்நாட்டில் புகழ் பெற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராய விளக்கால் சூடேறும் சிறு தகர அடுப்புகளும் வந்துவிட்டன. பெரியவர்களுக்கான சமையல் நூலால் புகழ் பெற்றிருந்த ஹென்ரியெத்தெ டாவிடிஸ் என்னும் அம்மையார், அத்தகைய விளையாட்டு அடுப்பில் சமைப்பதற்கென்றே 1856-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். 'பொம்மைச் சமையற்காரி ஆன்னா' என்பது அதன் பெயர். அக்கால வழக்கப்படி அது பெண் குழந்தைகளுக்காக எழுதப்பட்டது. சமையல் பெண்ணுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. பசி இருபாலார்க்கும் பொது. ஆனால் அந்நூலில் அடங்கிய கல்வி முறை சிந்திக்கத்தக்கது. சிறிய அளவில் செய்யும்போது தவறும் சிறிதாக இருக்கிறது. இழப்பும் சிறிதாக இருக்கிறது. ஆனால் கற்கும் பாடம் முழுமையாக இருக்கிறது.

அண்மைக் காலத்தில் ஜப்பானிலும் நம் தமிழ்நாட்டிலும் சிலர் பொம்மை அளவுப் பாத்திரங்களில் மெய்யான தீ மூட்டிச் சமைத்துக் காணொளிகளாக வெளியிட்டு வருகின்றனர். நாணய அளவுள்ள தோசையும், விரல்நுனி அளவுள்ள வடையும் அங்கே தயாராகின்றன. அதை வேடிக்கை என்று மட்டும் பார்க்காமல் உற்றுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி நீர் நொடிப்பொழுதில் வற்றுவதையும், ஒரு துளி எண்ணெய் சட்டென்று புகைவதையும், ஒரு சிறு வெங்காயத் துண்டு விழுந்தவுடன் அது ஆறிவிடுவதையும் காண்பீர்கள். பெரிய சமையலில் மறைந்துகிடக்கும் விதிகள் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

இப்போது பெரியம்மாவின் சோற்றுப் பானைக்குத் திரும்புவோம். கஞ்சி வடிக்காமல் சோறு ஆக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும் நீர் இரண்டு வழிகளில் செலவாகிறது. ஒரு பங்கை அரிசி உறிஞ்சிக்கொள்கிறது. அது அரிசியின் அளவைப் பொறுத்தது. மற்றொரு பங்கு ஆவியாகிறது. அது பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அரிசியின் அளவைப் பொறுத்ததன்று. ஒரு கணக்குக்காக, ஒரு கிண்ணம் அரிசி ஒன்றரைக் கிண்ணம் நீரை உறிஞ்சுகிறது என்றும், அந்தப் பானையில் ஒரு கிண்ணம் நீர் ஆவியாகிறது என்றும் கொள்வோம். நான்கு கிண்ணம் அரிசிக்கு உறிஞ்ச ஆறு கிண்ணமும் ஆவிக்கு ஒன்றுமாக ஏழு கிண்ணம் நீர் வேண்டும். ஒரு கிண்ணம் அரிசிக்கு எவ்வளவு? ஏழை நான்கால் வகுத்து ஒன்றே முக்கால் என்று ஊற்றினால் சோறு அடிப்பிடிக்கும். ஏனென்றால் தேவைப்படுவது ஒன்றரையும் ஒன்றுமாக இரண்டரைக் கிண்ணம். வகுத்தல் தவறியதன்று, வகுக்கக் கூடாததை வகுத்ததுதான் தவறு.

ரசத்தின் கதையும் இதுவே. நான்கு லிட்டர் ரசத்தில் 200 மில்லிலிட்டர் வற்றினால் இருபதில் ஒரு பங்கு குறைகிறது; நாக்குக்குத் தெரியாது. 400 மில்லிலிட்டர் ரசத்தை அதே பாத்திரத்தில் வைத்து 200 மில்லிலிட்டர் வற்றவிட்டால் பாதி போய்விடுகிறது. உப்பு போகாமல் அங்கேயே இருக்கிறது. கரிப்பு இரண்டு மடங்காகிறது. பெரியம்மா இட்ட உப்பின் அளவு சரியானதே. பாத்திரம்தான் பெரியது.

அவருடைய கை கெடவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பன்னிரண்டு பேருக்குப் பழகிய பாத்திரங்களும் பன்னிரண்டு பேருக்குப் பழகிய வகுத்தலும் அவரை ஏமாற்றிவிட்டன. நான் அடுத்த முறை சென்றபோது வாய் குறுகிய சிறு பாத்திரங்கள் இரண்டும், ஒரு சிறிய குக்கரும், ஒரு தாளிப்புக் கரண்டியும், அளவு குறித்த ஒரு கிண்ணமும் வாங்கிச் சென்றேன். அவற்றைப் பார்த்துப் பெரியம்மா சிரித்தார். "இந்த வயதில் என்னைச் செப்பு வைத்து விளையாடச் சொல்கிறாயா?" என்றார். இருவருமாகச் சேர்ந்து நான்கு நாள் விளையாடினோம். குக்கருக்குள் சிறு பாத்திரத்தை வைத்து மூடினால் உள்ளிருக்கும் நீர் மிகுதியாக ஆவியாகாது. ஆகவே ஒரு பிடி அரிசியும் பழுதின்றி வெந்தது. அருகிலேயே மற்றொரு கிண்ணத்தில் பருப்பு வெந்தது. அகன்ற வாணலியில் அரைக் கரண்டி எண்ணெய் பரந்து தீய்ந்துபோகும். தாளிப்புக் கரண்டியின் குழிவில் அதே எண்ணெய் தேங்கி நிற்கும். கடுகு நன்றாக வெடித்தது. உப்பை முதலில் பாதியும், இறக்கும் நேரத்தில் ருசி பார்த்து மீதியும் இட்டோம். ஐந்தாம் நாள் காலை நான் ஊருக்குப் புறப்பட்டேன். அன்று மாலை தொலைபேசியில் பெரியம்மா கூறியது ஒரே வாக்கியம்: "இன்றைக்குச் செப்பு ரசம் சரியாக வந்தது."

இவ்வாறு சொல்லுவதால் சிறிய உணவெல்லாம் நன்மையே என்று நான் சொல்லுவதாகக் கொள்ள வேண்டாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, எண்ணெயில் பொரிக்கும் பண்டம் சிறிதாகச் சிறிதாக மேற்பரப்பு மிகுவதால், அதே எடைக்கு அது ஏற்கும் எண்ணெயும் மிகும். 'சிறியதுதானே' என்று எண்ணிப் பத்து உண்பவர் எண்ணெயையே மிகுதியாக உண்கிறார். இரண்டாவது, ஒரே சுவையைத் தொடர்ந்து உண்டால் அதில் விருப்பம் குறையும். புதிய சுவை வந்தால் வயிறு நிறைந்தபின்னும் விருப்பம் மீளும். பார்பரா ரோல்ஸ் என்பவரும் அவருடன் ஆய்ந்தவர்களும் இதனை ஆராய்ந்து 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சாப்பாட்டுக்குப் பின்னும் பாயசத்துக்கு இடம் இருப்பதன் மருமம் இதுவே. ஆகவே பத்து வகைச் சிற்றுண்டிகளைச் சிறிது சிறிதாகப் பரப்பிவைத்தால் நாம் குறைவாக உண்போம் என்பது உறுதியன்று. மிகுதியாக உண்ணவும் கூடும். சிறிய அளவு நன்மை தரவேண்டுமானால் எண்ணிக்கையிலும் அடக்கம் வேண்டும்.

சிறிதாகப் பரிமாறுவது கஞ்சத்தனம் அன்றோ என்று சிலர் கேட்கலாம். விருந்தோம்பலை உயிராகக் கருதும் நாட்டில் இக்கேள்வி இயல்பானதே. ஆனால் நம் வாழையிலையை நினைத்துப் பாருங்கள். இலையின் மேற்பாதியில் வரிசையாக இருப்பவை என்ன? ஒரு துளி ஊறுகாய், ஒரு கரண்டி பச்சடி, சிறிது கூட்டு, சிறிது பொரியல், ஓர் இனிப்பு. சிறு சிறு அளவுகளால் ஆன விருந்தே நம் விருந்து. வேண்டியவர்க்கு மீண்டும் வேண்டிய மட்டும் இடுவதற்காகப் பரிமாறுகிறவர் பந்தி நெடுக நடக்கிறார். முதலில் சிறிதாக இட்டு, முகம் பார்த்துப் பின்னர் இடுவதே நம் முறை. ஒரே தடவையில் குவித்துவிட்டு அப்பால் போவது பிற்காலத்து அவசரம்.

அந்த அவசரத்தின் விலையையும் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில் வீணானது. பெரிய விடுதிகளும் கல்யாண மண்டபங்களுமே உணவை வீணாக்குகின்றன என்று நாம் எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். பாதிக்கு மேற்பட்ட பழி நம் வீட்டு அடுப்பங்கரையைச் சேர்ந்தது. அந்த நெல்லை விளைக்க வயலில் பாய்ந்த நீரும், நாற்று நட்ட கையின் உழைப்பும், எரிந்த எரிபொருளும் அதனோடு சேர்ந்தே வீணாகின்றன.

மாணவ நேயர்களே, உங்களிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வீட்டை விட்டு வெளியூரில் ஓர் அறையில் தனியாக வாழப் போகிறீர்கள். அப்போது உங்கள் முன் ஒரு சிறு அடுப்பும் ஒரு பாத்திரமும் இருக்கும். 'எனக்கு ஒருவனுக்கு எதற்கு?' 'எனக்கு ஒருத்திக்கு எதற்கு?' என்னும் எண்ணம் எழும். அந்த எண்ணத்துக்கு இடங்கொடாதீர்கள். தமக்கென்று ஒரு பிடி சோற்றை ஒழுங்காக ஆக்கி, இலையோ தட்டோ போட்டு அமர்ந்து உண்பவர், தம் உடலையும் தம் நாளையும் மதிக்கிறார். இப்போதே ஒரு விடுமுறை நாளில் தொடங்குங்கள். ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். நீரை அளந்து ஊற்றுங்கள். அளந்ததைக் குறித்து வையுங்கள். முதல் நாள் குழையலாம். இரண்டாம் நாள் விறைக்கலாம். இழப்பு ஒரு பிடிதான். மூன்றாம் நாள் சோறு சோறாக வரும்.

உங்கள் தெருவிலும் பெரியம்மாவைப் போல ஒருவர் இருப்பார். அடுப்பில் சூடு இல்லாத அந்த வீட்டின் கதவை ஒரு நாள் தட்டிப் பாருங்கள். ஒரு கிண்ணம் பணியாரம் கொண்டு போனால் நல்லது. ஒரு சிறு பாத்திரத்தையும் கொண்டுபோய், சேர்ந்து சமைத்துவிட்டு வந்தால் மிகவும் நல்லது.